லேப்டாப் படுத்துவிட்டதா? அறிகுறியை வைத்தே ஆளைப் பிடிக்கலாம்

சொந்தபந்தத்தில் ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்று பெயர் வந்துவிட்டால் போதும், படுத்த லேப்டாப் எல்லாம் அவன் மேசைக்குத்தான் வரும். என் பாடு அதுதான். கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நோயோடு மருந்தையும் கையோடு கொண்டு வருவார்கள்: "ரேம் போயிருச்சுன்னு நினைக்கிறேன், புதுசு வாங்கிடவா?" திறந்து பார்த்தால் ரேம் கல்லு மாதிரி இருக்கும். ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்காது, அவ்வளவுதான். இல்லையென்றால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்காக இருக்கும்.

அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், பொருள் வாங்குவது கடைசியில் வரும். உங்கள் லேப்டாப் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். அடிமூடியைக் கழற்றப் போகிறவர்கள் மட்டும் அடுத்த பகுதியைத் தாண்ட வேண்டாம்.

## ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன்

முதலில் பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. பல புது விண்டோஸ் லேப்டாப்களில் நமக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை மென்பொருள்) எதையாவது மாற்றினாலோ, சில சமயம் உள்ளே பாகத்தைக் கழற்றி மாட்டினாலோ, அடுத்த முறை ஆன் ஆகும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். லேப்டாப் ஓடுகிற நிலையில் இருந்தால் அந்த எண்ணை இப்போதே எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலும் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

அடுத்து, நிஜமாகவே அணைப்பது. விண்டோஸில் சாதாரண ஷட் டவுன் பல நேரம் அரைத் தூக்கம்தான். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனை அழுத்தினால் முழுதாக அணையும். சார்ஜரைப் பிடுங்குங்கள். அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ரேமைத் தொடுவது அதற்குப் பிறகுதான். திங்க்பேட் போன்ற சிலவற்றில் உள் பேட்டரியைப் பயாஸிலிருந்தே முடக்கி வைக்க வழி இருக்கிறது. கனெக்டர் கழன்ற பிறகு பவர் பட்டனை 20 விநாடி அழுத்திப் பிடித்தால் மதர்போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். கையில் நிலைமின்சாரம் இருக்கும், எனவே உள்ளே கை வைக்கும் முன் ஏதாவது பெரிய உலோகப் பொருளைத் தொட்டுவிடுங்கள்.

ஸ்குரூ விஷயத்தில் நான் ஒரு முறை நன்றாகவே பட்டிருக்கிறேன். சித்தப்பா பையனின் லேப்டாப்பில் எல்லா ஸ்குரூவையும் ஒரு கிண்ணத்தில் போட்டேன். திரும்ப மாட்டும்போது டச்பேட் பக்கம் போக வேண்டிய குட்டை ஸ்குரூவின் இடத்தில் நீளமானதைப் போட்டு முறுக்கினேன். கடைசிச் சுற்றில் கொஞ்சம் கடினமாக இருந்தது, "இறுகுது" என்று நினைத்துக்கொண்டேன். திருப்பிப் பார்த்தால் மேல்பக்கம் பனைமரக் குருத்து மாதிரி ஒரு புடைப்பு. அன்றிலிருந்து ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஸ்குரூவை அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டி வைக்கிறேன். ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்குரூ ஒளிந்திருக்கும். மூடி வரவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள், எங்கோ ஒன்று மிச்சம் இருக்கிறது.

வாரன்டி இருந்தால் இந்தப் பகுதியே வேண்டாம். சர்வீஸுக்கு எடுத்துப் போங்கள்.

## பவர் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை

பிளக் பாயின்ட்டில் வேறு எதையாவது மாட்டி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் இரண்டு முறை இதில் ஏமாந்திருக்கிறேன். அடாப்டர் பெட்டிக்குள் போகும் வயரை நன்றாக அழுத்திச் செருகுங்கள், அது தளர்ந்திருப்பது சர்வ சாதாரணம்.

பிறகு சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக் கூடியதாக இருந்தால் அதையும் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து, சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். செத்துப்போனதாகக் கொண்டு வரும் லேப்டாப்களில் சில இதிலேயே எழுந்துவிடும்.

எழவில்லையா? சார்ஜிங் விளக்கைப் பாருங்கள்.

விளக்கு எரியவில்லை. வேறொரு சார்ஜரால் சோதிக்க வேண்டும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. டைப் சி லேப்டாப் என்றால் போன் சார்ஜரை மாட்டி முடிவுக்கு வராதீர்கள். 45 அல்லது 65 வாட் கேட்கும் இயந்திரம் 15 வாட்டுக்குக் கண்ணையே திறக்காமல் இருக்கலாம். வேறு சார்ஜரிலும் விளக்கு வரவில்லை என்றால் சார்ஜர் நுழையும் ஜாக்கை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால், சில மாடல்களில் அது தனி வயரோடு வரும் சின்னப் பாகம், மாற்றுவது எளிது. போர்டிலேயே பற்றவைத்திருந்தால் சால்டரிங் தெரிந்தவர் வேலை.

லேப்டாப்பில் செருகியதும் அடாப்டரின் விளக்கு அணைகிறது. உள்ளே எங்கோ ஷார்ட். மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீர்கள். இங்கேயே நிறுத்தி டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் ஆன் ஆகவில்லை. மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஓடினால் பேட்டரிதான் வில்லன். ஓடவில்லை என்றால் சார்ஜரையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் பட்டை வயரைப் பாருங்கள். சரியாக நுழைந்திருந்தும் அசைவில்லை என்றால் மதர்போர்டு சந்தேகம். மல்ட்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவரிடம் போகவேண்டிய கட்டம் இது.

## விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு

என் மேசைக்கு அதிகம் வருவது இதுதான். இதில் இரண்டு வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வரும். ஒன்றில் லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கிறது, படம்தான் இல்லை. இன்னொன்றில் லேப்டாப் எழவே இல்லை. பிரித்துப் பார்க்கும் வழி எளிது: ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்து கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இயந்திரம் உயிரோடு இருக்கிறது.

### கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறது

ரேமைத் தொடாதீர்கள், அது ஒரு தப்பும் செய்யவில்லை. வெளி மானிட்டரையோ டிவியையோ மாட்டிப் பாருங்கள். அதில் படம் வந்தால் பிரச்சினை திரைப் பக்கம். அறையை இருட்டாக்கி, திரையில் சாய்வாக டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? தெரிந்தால் பின்விளக்குக் கோளாறு. திரை மூடியை முன்னும் பின்னும் அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், கீல் வழியாகப் போகும் திரை வயர் தேய்ந்திருக்கிறது. வயர் மலிவு, திரை விலை அதிகம். எனவே வயரைச் சோதிக்காமலே திரையை மாற்றச் சொல்லும் ஆளிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள்.

ஒரு வேடிக்கை: ஒரு லேப்டாப் மேல் இன்னொன்றை வைத்து வேலை பார்த்தால் மேலே உள்ளதன் திரை சட்டென்று அணையும். கீழே உள்ளதன் மூடிக் காந்தம், "என் மூடியை மூடிவிட்டார்கள்" என்று மேலே உள்ளதை நம்ப வைத்துவிடும். காந்தப் பட்டை உள்ள கைக்கடிகாரமும் இதே வேலையைச் செய்யும். இடத்தை மாற்றினால் தீர்ந்தது.

### கேப்ஸ் லாக் விளக்கு அசையவே இல்லை

இப்போதுதான் ரேமின் முறை. அவசரப்படாமல் செய்யுங்கள்.

ரேம் பட்டையின் இரு பக்கமும் உள்ள உலோகக் கிளிப்புகளை ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் தள்ளினால், பட்டை தானாகவே சாய்வாக எழும்பி நிற்கும். விளிம்பைப் பிடித்து அதே சாய்வில் வெளியே இழுங்கள். தங்க நிறப் பற்களில் விரல் படக் கூடாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கிய படலமோ விரல் ரேகையோ தெரிந்தால், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத துணியால் ஒரே திசையில் துடைத்துக் காய விடுங்கள். அழிரப்பரால் தேய்ப்பது பழைய கைவைத்தியம், வேலையும் செய்யும். ஆனால் அதன் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் இருந்த நோயோடு புது நோயும் சேரும். அப்படியே செய்வதென்றால் ஸ்லாட்டிலிருந்து தள்ளி வைத்துத் தேய்த்து, துகளை முழுதாகத் தட்டிவிட்டு மாட்டுங்கள். ஸ்லாட்டுக்குள் ஊசி, குண்டூசி எதையும் விடாதீர்கள்.

திரும்ப மாட்டும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பட்டையில் உள்ள வெட்டு ஸ்லாட்டில் உள்ள மேட்டோடு பொருந்த வேண்டும். ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் வைத்து, கீழே அழுத்தாமல் உள்ளே தள்ளுங்கள். தங்கப் பற்கள் மெல்லிய கோடாக மட்டும் தெரியும் வரை போக வேண்டும். பட்டையாகத் தெரிந்தால் இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகே கீழே அமுக்க வேண்டும். இரண்டு கிளிப்பும் "டிக்" என்று பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் திரை கறுப்புதான்.

இரண்டு பட்டை இருந்தால் இரண்டையும் கழற்றி, ஒவ்வொன்றாக ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டு நான்கு முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பேட்டரி கனெக்டரும் சார்ஜரும் கழன்றிருக்க வேண்டும். முடிவைத் தாளில் எழுதுங்கள், நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் மூன்றாவது சுற்றில் குழம்பிவிடும்.

ஒரு பட்டை இரண்டு ஸ்லாட்டிலும் ஓடவில்லை, மற்றது ஓடுகிறது என்றால் பட்டைதான் போயிருக்கிறது, புதிது வாங்கலாம். எந்தப் பட்டையைப் போட்டாலும் குறிப்பிட்ட ஒரு ஸ்லாட்டில் மட்டும் ஓடவில்லை என்றால் பட்டைகள் நல்லவை. ஸ்லாட்டோ, அதற்குப் பின்னால் உள்ள போர்டோ, பிராசஸரோ பழுது. அந்த ஸ்லாட்டைக் காலியாக விட்டு, ஓடும் ஸ்லாட்டில் பெரிய பட்டை ஒன்றைப் போட்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். போர்டு மாற்றும் செலவை நினைத்தால் அது நல்ல யோசனை.

எல்லாச் சேர்க்கையும் தோற்றால், போர்டில் உள்ள நாணய பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு, பயாஸ் அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பட்டும். அதற்கும் அசையவில்லை என்றால் உங்கள் பங்கு முடிந்தது. ரேம் போர்டிலேயே பதிக்கப்பட்ட மாடலும் அப்படித்தான். அந்தச் சில்லுகளைக் கழற்றி மாற்ற வெப்பக்காற்றுக் கருவியும் பழகிய கையும் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. டிடிஆர்5 (ஐந்தாம் தலைமுறை) ரேம் புதிதாகப் போட்டால் முதல் முறை ஆன் ஆகும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே நிற்கலாம். பயாஸ் புது ரேமோடு பழகிக்கொண்டிருக்கிறது. முதல் தடவை எனக்கு இது தெரியாது. பத்து நிமிடத்துக்குள் மூன்று முறை கழற்றி மாட்டினேன். நான்காவது முறை போன் வந்து பேசப் போய்விட்டேன், திரும்பி வந்தால் லாகின் திரை காத்துக்கொண்டிருந்தது.

## பீப் சத்தம், அல்லது விளக்கு கணக்கு வைத்துச் சிமிட்டுகிறது

லேப்டாப் தன் நோயைத் தானே சொல்கிறது. எத்தனை முறை, நீளமா குட்டையா, எந்த நிறம், நடுவில் எவ்வளவு இடைவெளி என்று போனில் வீடியோ எடுங்கள். அதே மாடலின் சர்வீஸ் மேனுவலில் இந்தக் கணக்குக்கு அர்த்தம் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் பொதுப் பட்டியலை நம்பாதீர்கள். ரேம் என்று வந்தால் மேலே சொன்ன நான்கு முறைச் சோதனை. பிராசஸர், போர்டு என்று வந்தால் டெக்னீஷியன்.

## புது ரேம் போட்டேன், ஏறவில்லை அல்லது பாதிதான் காட்டுகிறது

வாங்கும் முன் படித்திருந்தால் இந்தத் தலைப்பே தேவைப்படாது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் மெமரியைத் தொடுங்கள். எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகம் என்று இருக்கும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'சோடிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டும் ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பதிக்கப்பட்டது. இந்தத் திரை சில மாடல்களில் இல்லாத ஸ்லாட்டையும் இருப்பதாகக் காட்டும், எனவே மூடியைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். ஆப்பிளில் 2020இல் வந்த எம்1 முதல் எந்த மேக்புக்கிலும் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது.

ஸ்லாட்டில் நுழையவே இல்லை. தலைமுறை தவறு. லேப்டாப் ரேமில் டிடிஆர்3க்கு 204 பற்கள், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. வெட்டு இருக்கும் இடமும் வேறு. பலமாக அழுத்தினால் ஸ்லாட் உடையும்.

நுழைகிறது, ஓடவில்லை. டிடிஆர்3 காலத்து லேப்டாப் என்றால் வோல்டேஜைப் பாருங்கள். 1.5 வோல்ட் டிடிஆர்3யும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல்லும் ஒரே உருவம்தான், ஆனால் குறைந்த வோல்டேஜ் கேட்கும் போர்டில் முதலாவது ஓடாது. வோல்டேஜ் சரி என்றால் பயாஸை அப்டேட் செய்து பாருங்கள், பழைய ரேமைப் போட்டுக்கொண்டு. போர்டு ஏற்கும் உச்ச அளவைத் தாண்டிய பட்டையும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

பயாஸில் முழு அளவு, விண்டோஸில் குறைவு. 4 ஜிபிக்குக் கீழேயே நிற்கிறது என்றால் விண்டோஸ் 32 பிட்டா என்று பாருங்கள், அதன் எல்லை அதுதான். சில நூறு எம்பி மட்டும் குறைந்தால் கிராஃபிக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொண்டது, கோளாறு இல்லை. பாதிக்குப் பாதி காணவில்லை என்றால் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பகுதி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அங்கே மேக்ஸிமம் மெமரி என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பயாஸிலேயே பாதி. ஒரு பட்டை சரியாக உட்காரவில்லை. மேலே போய் 'டிக்' சத்தத்தைப் பற்றிய வரியை மறுபடி படியுங்கள்.

3200 வேக ரேம் வாங்கினேன், 2666 என்று காட்டுகிறது. பழைய பட்டையின் வேகத்துக்குப் புதியது இறங்கி வந்திருக்கிறது, அல்லது பிராசஸரின் எல்லை அவ்வளவு. பழுது இல்லை.

## நீலத் திரை, தானாக ரீஸ்டார்ட்

சமீபத்தில் என்ன போட்டீர்கள்? ரேமோ எஸ்எஸ்டியோ (சுற்றும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) புதிது என்றால் அதைக் கழற்றி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

நீலத் திரையில் வரும் பெயரை எழுதி வைப்பது பாதி வேலையை முடித்துவிடும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால், அதிலும் 'மெமரி மேனேஜ்மென்ட்', 'பேஜ் ஃபால்ட்' என்று வந்தால், ரேமைச் சந்தேகப்படலாம். எப்போதும் ஒரே டிரைவர் கோப்பின் பெயர் வந்தால் அந்த டிரைவரை மாற்றுங்கள், மூடியைத் திறக்க வேண்டாம்.

ரேமைச் சோதிக்க ஸ்டார்ட் தேடலில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடுங்கள். அது தேறிவிட்டது என்று சொன்னால் நான் முழுதாக நம்ப மாட்டேன். பென் டிரைவில் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஏற்றி, இரவு முழுவதும் ஓட விடுவேன், குறைந்தது நான்கு சுற்று. ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ரேம் சோதனையில் தோற்றதுதான், "ஒன்றுதானே" என்று விடக் கூடாது. வந்தால் பட்டைகளைத் தனித்தனியாகச் சோதித்து எது என்று பிடியுங்கள்.

நீலத் திரையே வராமல், சுவிட்சை அணைத்தது போல் பொட்டென்று அணைகிறதா? அது பெரும்பாலும் சூடு, கீழே வருகிறது. பேட்டரியில் இருக்கும்போது மட்டும் அணைந்தால் பேட்டரி.

ரேமும் டிஸ்க்கும் தேறி, விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகும் விழுந்தால் போர்டைப் பார்க்க ஆள் வேண்டும்.

## ஆமை வேகம்: ரேம் கூட்டினால் சரியாகுமா?

"எட்டு ஜிபியைப் பதினாறு ஆக்கிட்டா பறக்கும்ல?" இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்வேன். வழக்கமாகத் திறந்து வைக்கும் எல்லாவற்றையும் திறந்துகொண்டு, லேப்டாப் திணறும் அந்த நேரத்தில் பாருங்கள்.

மெமரி 90 சதவீதத்தைத் தொட்டு நிற்கிறது என்றால் ரேம் கூட்டுவதில் பலன் உண்டு. டிஸ்க்கும் கூடவே 100இல் நிற்கலாம், ரேமில் இடமில்லாமல் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும். அதனால்தான் மெமரியை முதலில் பார்க்கச் சொல்கிறேன். இரண்டு ஸ்லாட் இருந்தால் ஒரே அளவில் இரண்டு பட்டை போடுங்கள். தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் வீடியோ, கேம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அளவு தேறும்.

மெமரி பாதியில் இருக்க டிஸ்க் மட்டும் 100 என்றால் ரேமுக்குக் கொடுக்கும் பணம் வீண். உள்ளே சுற்றும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். பழைய லேப்டாப்புக்கு இதைவிடப் பெரிய மாற்றத்தை வேறு எந்தப் பாகமும் தராது. பெரிய கோப்பைப் படிக்கும்போது ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி சுற்றுவட்டாரம், சாட்டா (பழைய இணைப்பு வகை) எஸ்எஸ்டி 550, மூன்றாம் தலைமுறை என்விஎம்இ (அதைவிட வேகமான வகை) எஸ்எஸ்டி 3500 வரை. எண்ணைப் பார்த்து என்விஎம்இக்கு ஏங்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு மாறும்போது தெரியும் வித்தியாசம், சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது அன்றாட வேலையில் தெரியாது.

மாற்றும் முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். 05, சி5, சி6 வரிசைகளில் (டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களின் கணக்கு) சுழியம் தவிர வேறு எண் ஏறியிருந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு போட்டோக்களை வேறிடத்துக்கு நகலெடுங்கள். டிஸ்க் "டக்... டக்..." என்று தட்டினால் அணைத்துவிடுங்கள். அதில் வேண்டிய கோப்பு இருந்தால் எந்த ரிப்பேர் மென்பொருளையும் ஓட்டாமல் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

மெமரியும் டிஸ்க்கும் சும்மா இருக்க, பிராசஸர் வேகம் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? சார்ஜரை லேப்டாப் அடையாளம் காணவில்லை, அல்லது சூடு. சார்ஜரைப் பிடுங்கியதும் வேகம் கூடினால் முதலாவது.

## புது எஸ்எஸ்டி கண்ணில் படவில்லை

பயாஸைத் திறந்து பாருங்கள்.

அங்கே பெயர் இருக்கிறது, விண்டோஸில் இல்லை என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் இனிஷியலைஸ் செய்து பயன்பாட்டுக்குத் தயாராக்க வேண்டும். புது டிஸ்க் காலியாகத்தான் வரும். பயாஸில் இருக்கிறது, விண்டோஸ் போடும்போது பட்டியலில் இல்லை என்றால், 11ஆம் தலைமுறை இன்டெல்லும் அதற்குப் பின்னவையும் விஎம்டி என்ற அமைப்பின் பின்னால் டிஸ்க்கை மறைத்திருக்கலாம். லேப்டாப் கம்பெனி தரும் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் வைத்து ஏற்றினால் தெரிந்துவிடும்.

பயாஸிலேயே இல்லை என்றால் வகை தவறாக இருக்கலாம். எம்.2 என்பது உருவத்தின் பெயர் மட்டும்தான். ஒரே உருவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும், சில ஸ்லாட் ஒன்றை மட்டுமே ஏற்கும். பற்களின் வரிசையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. நீளமும் முக்கியம்: 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242க்கு இடம் விட்ட லேப்டாப்பில் அது நுழையாது. நுனி ஸ்குரூ இல்லாமல் விட்டால் பட்டை தூக்கிக்கொண்டு நிற்கும், தொடர்பு விட்டுவிட்டு வரும்.

## சூடு, அலறும் ஃபேன்

மெத்தை மேல் வைத்து ஓட்டுகிறீர்களா? மேசைக்கு மாற்றுங்கள். தீரவில்லை என்றால் மூடியைத் திறந்து ஃபேனுக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவே பாருங்கள். பல வருஷம் திறக்காத லேப்டாப்பில் அங்கே கம்பளித் துண்டு மாதிரி தூசி படிந்திருக்கும், ஃபேனுக்கு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்ற விட்டால் பேரிங் கெடும்.

அடுத்தது தெர்மல் பேஸ்ட், பிராசஸரின் சூட்டை ஹீட் சிங்க் என்ற உலோகப் பாகத்துக்குக் கடத்தும் பசை. அதை மாற்ற ஹீட் சிங்க்கைக் கழற்ற வேண்டும். பல லேப்டாப்களில் அதன் ஸ்குரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருக்கும். மாட்டும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ். உள்ளே வெள்ளி நிறத் திரவம் பளபளத்தால் அது லிக்விட் மெட்டல். மூடிவிட்டு டெக்னீஷியனைத் தேடுங்கள், அதன் ஒரு துளி போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகும்.

## பேட்டரி

டச்பேட் அழுத்த வரவில்லை, மூடி சரியாக மூடவில்லை, சமதளத்தில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது: பேட்டரி உப்பியிருக்கிறது. அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். குத்துவதோ, அமுக்கித் தட்டையாக்குவதோ தீயில் முடியும். இதில் நான் கை வைப்பதில்லை.

80 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை என்று வருகிறவர்களுக்கு: பேட்டரியைக் காப்பாற்றும் அமைப்பு ஆன் ஆகியிருக்கும், கம்பெனியின் மென்பொருளில் அணைக்கலாம். சார்ஜ் சீக்கிரம் தீர்ந்தால் விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்து, வடிவமைத்த கொள்ளளவையும் இப்போது நிரம்பும் அளவையும் ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே என்றால் மாற்றும் நேரம்.

## ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போகிறது

நாணய பேட்டரி. பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். பல லேப்டாப்களில் இரண்டு வயரும் சின்ன பிளக்குமாக உறை போட்டு வரும், அதே மாதிரி பார்த்து வாங்குங்கள்.

## டெக்னீஷியனிடம் கொடுக்கும்போது

அறிகுறி என்ன, எப்போது தொடங்கியது, நீங்கள் என்னென்ன சோதித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நான்கு முறை ரேம் சோதனையின் முடிவு அதில் இருந்தால் அவருக்கு அரை மணி நேரம் மிச்சம். டிஸ்க்குக்குச் சம்பந்தமில்லாத பழுது என்றால் எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் ரேமின் ஸ்டிக்கரையும் எஸ்எஸ்டியின் ஸ்டிக்கரையும் வரிசை எண் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் மூடியைத் திறந்து அந்தப் போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஆன் செய்யுங்கள்.